கம்பளிக்கு மேலே ஓடிய கேம்: டிக்கோயாவிலிருந்து வந்த ஒரு லெப்டொப்பின் கதை

ஜூலை மாதம், இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, தம்பி ஒருவன் லெப்டொப்பை உரப் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி என் கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்கு வந்தான். உயர்தரம் படிக்கிற பையன். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் அக்கா, பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். பகலில் பாடம், இரவில் கொஞ்ச நேரம் ஜிடிஏ 5 என்ற கேம்.

"அண்ணே, கேம் பத்து நிமிஷம் நல்லா ஓடுது. அப்புறம் ஸ்டக் ஆகுது. சில நேரம் தானாவே மூடிக்குது. ராவுக்குத்தான் ரொம்ப மோசம். லயத்துல கரண்ட் கம்மி, அதுதான்னு எல்லாரும் சொல்றாங்க."

அவன் சொன்னதிலேயே பாதி விவரம் இருந்தது. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு கெடுகிறது என்றால் முதலில் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும். தானாக மூடிக்கொள்வது வேறு நோய். அது பெரும்பாலும் மெமரிப் பக்கம். இரவில் மட்டும் ஏன் கூடுகிறது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அதைத்தான் கடைசியில் கண்டுபிடித்தோம்.

முதலில் மெஷினைப் பற்றி. இன்டெல் கோர் ஐ5 8250யூ புரொசஸர், 2017இல் வந்தது. நான்கு கோர், எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை வரிசை. அதோடு 2 ஜிபி மெமரி உள்ள என்விடியா எம்எக்ஸ்130 கிராபிக்ஸ். 8 ஜிபி ரேம், ஒற்றைத் துண்டாக. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இல்லை. திரை 1920க்கு 1080, 60 ஹெர்ட்ஸ். ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015 ஏப்ரலில். இந்தப் பழைய பதிப்புக்கு இந்த மெஷின் போதும். 2025 மார்ச்சில் வந்த புதுப்பித்த பதிப்பு என்றால் கதை வேறு, அது இதற்கு ஆகாது.

கரண்ட் விஷயத்தை உடனே தீர்த்துவிடலாம் என்று சார்ஜரைத் திருப்பிக் காட்டினேன். அதன் அடியில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் கேத்தலும் ஒன்றாகப் போடும்போது தோட்டத்து லைனில் வோல்ட் இறங்குவது உண்மைதான். பல்பு மங்குவதைப் பார்த்தவர்கள் கரண்டைச் சந்தேகிப்பது நியாயமும்கூட. ஆனால் 170க்கு இறங்கினாலும் இந்தச் சார்ஜர் உள்ளே அதே அளவு மின்சாரத்தைத்தான் கொடுக்கும். லெப்டொப்பில் கேம் மெதுவாவதற்கு அது காரணமாகாது. இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கரண்ட் கம்மி என்று நம்பி, பெரிய விலைக்கு ஸ்டெபிலைசர் வாங்கி லெப்டொப்புக்கு மாட்டிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கியிருக்கலாம்.

செட்டிங்ஸில் கை வைப்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரையும் அதோடு வரும் ரிவாட்யூனரையும் போட்டு, பிரேம் எண்ணிக்கை, ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரம், புரொசஸரின் வேகம், சூடு, கிராபிக்ஸ் மெமரி என எல்லாம் திரையின் ஓரத்தில் தெரியும்படி வைத்தேன். நொடிக்கு எத்தனை பிரேம் என்ற சராசரி எஃப்பிஎஸ் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெக்கன். ஐம்பத்தொன்பது பிரேம் ஒழுங்காக வந்து ஒன்று மட்டும் 150 மில்லிசெக்கன் எடுத்தால் சராசரி பெரிதாக இறங்காது, ஆனால் கண்ணுக்கு அது ஒரு இடறல். பையன் ஸ்டக் என்று சொல்வது அந்த ஒன்றைத்தான். அதனால் மிக மோசமான ஒரு வீதப் பிரேம்களின், அதாவது நூற்றில் மிக மெதுவான ஒன்றின், எஃப்பிஎஸ் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொண்டேன்.

கேமுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் என்ற ஒரு வேகச் சோதனை இருக்கிறது. அதை நான் நம்பவில்லை. அது சில நிமிடத்தில் முடிந்துவிடும். லெப்டொப் முழுதாகச் சூடேற அதற்கு மேலே ஆகும். சூட்டு நோய் அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. கேமில் வரும் லாஸ் சாண்டோஸ் நகரத்திலிருந்து சாண்டி ஷோர்ஸ் வரை காரில் ஒரே பாதையில் போவது, இருபது நிமிடம், ஒவ்வொரு முறையும் அதேபோல. இதுதான் எங்கள் அளவுகோல்.

வந்த நிலையில் ஓட்டியபோது முதல் எட்டு நிமிடம் சராசரி 38, மோசமான ஒரு வீதம் 14. பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு 24க்கும் 7க்கும் இறங்கியது. புரொசஸர் 97 டிகிரி. அதைவிட என்னை நிமிர வைத்தது இன்னொன்று: விண்டோஸ் டாஸ்க் மேனேஜர் இந்தப் புரொசஸரில் நான்கு த்ரெட் மட்டுமே இருப்பதாகக் காட்டியது. எட்டு இருக்க வேண்டும்.

"தம்பி, எம்எஸ்கான்ஃபிக்ல ஏதாவது மாத்துனியா?"

மாற்றியிருந்தான். வேகம் கூட்டும் வழி என்று ஒரு வீடியோவில் பார்த்து, விண்டோஸின் அந்த அமைப்புக் கருவியில் பூட் பகுதியில் புரொசஸர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் டிக் போட்டு 4 என்று வைத்திருக்கிறான். நான்கு கோர் என்று படித்திருந்தான், அதனால் 4. அந்தக் கட்டம் எதையும் கூட்டாது, அது ஒரு மட்டுப்படுத்தல். டிக் போடாமல் விட்டால் விண்டோஸ் எல்லா த்ரெட்டையும் தானாக எடுத்துக்கொள்ளும். 4 என்று எழுதினால் மீதி நான்கும் படுத்துவிடும். அந்த வீடியோக்களைப் பார்த்த எத்தனையோ பிள்ளைகள் இப்படி மெஷினில் பாதியைத் தாங்களே கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். இது எனக்கு மெய்யாகவே வருத்தமான விஷயம்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரேம் நிரம்பும்போது விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கிக்கொள்ளும் இடமான பேஜிங் ஃபைலை முழுக்க நிறுத்தியிருந்தான். 8 ஜிபி ரேமில் கேமும் பிரௌசரும் ஒன்றாகத் திறந்திருந்தால், நிரம்பியதும் ஒதுங்க இடமில்லாமல் கேம் விழுந்துவிடும். தானாக மூடிக்கொண்டதற்கு இதுதான் காரணம். பவர் பிளானில் அல்டிமேட் பெர்ஃபார்மன்ஸ். அது விண்டோஸ் 10இல் 2018இல் பெரிய வர்க்ஸ்டேஷன்களை நினைத்துச் சேர்த்தது. புரொசஸரைச் சும்மா இருக்கும் நேரத்திலும் இறங்க விடாது. 15 வாட் புரொசஸர் உள்ள லெப்டொப்பில் அதற்கு ஒரே பலன் கூடுதல் சூடு. இவற்றோடு கேம் பூஸ்டர் என்ற பெயரில் இரண்டு மென்பொருள், இரண்டும் பின்னணியில் ஓடியபடி ஹார்ட் டிஸ்க்கைக் கிளறிக்கொண்டிருந்தன.

எல்லாவற்றையும் திருப்பி வைத்தோம். டிக் எடுத்தாயிற்று, பேஜிங் ஃபைலை விண்டோஸின் பொறுப்பிலேயே விட்டோம், பவர் பிளான் பேலன்ஸ்ட், பூஸ்டர்கள் வெளியே. கேம் பாரின் பின்னணிப் பதிவையும் நிறுத்தினேன்; ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினில் அது எப்போதும் நிற்க வேண்டியதுதான். கேம் எந்தக் கிராபிக்ஸில் ஓடுகிறது என்று டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பார்த்தேன், என்விடியாவில்தான் இருந்தது. சரி.

இப்போது முதல் எட்டு நிமிடம் 46க்கும் 22க்கும் ஏறியது. ஆனால் பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு பழையபடி 29, 12. சூடு அப்படியே.

அன்று மழையால் பஸ் தாமதமாகும் என்று பையன் லெப்டொப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். போகும்போது ஒன்று சொல்லி அனுப்பினேன்: ராவுக்கு விளையாடும்போது எப்படி உட்கார்ந்து விளையாடுகிறாயோ அப்படியே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

இரவு எட்டரை மணிக்குப் போட்டோ வந்தது. கட்டில். சுவர் முழுக்க ஈரம் பூத்த தடம். காலிலிருந்து மார்பு வரை கட்டம் போட்ட தடித்த கம்பளி. மடியில், அந்தக் கம்பளிக்கு மேலே லெப்டொப், ஓரத்தில் கம்பளி மேலே மடிந்து கீபோர்டின் விளிம்பு வரை ஏறியிருந்தது. ஜூலை மாதத்து டிக்கோயாக் குளிர் அப்படிப்பட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த லெப்டொப் காற்றை இழுப்பது அடிப்பக்கத் துளைகள் வழியாக. கம்பளி அதை முழுக்க அடைத்துவிட்டது. பகலில் பாடத்துக்கு மேசை, இரவில் கேமுக்குக் கட்டில். ராவில் மட்டும் மோசமானதன் காரணம் அந்தப் போட்டோவில் இருந்தது.

மறு சனிக்கிழமை அடி மூடியைக் கழற்றினோம். அவனையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு திருகாணியையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தோம் என்று ஒரு காகிதத்தில் வரைந்து அதிலேயே குத்தி வைக்கச் சொன்னேன். ஃபேனைத் தூக்கியதும் அதற்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. விரலால் இழுத்தேன், முழுதாக உரிந்து வந்தது, பழைய தொப்பியின் துணி மாதிரி. வெறும் தூசி என்றால் ஊதினால் பறக்கும். இது பறக்கவில்லை, விரலில் பிசுபிசுத்தது. கம்பளி இழை, அதோடு விறகடுப்புப் புகையின் கரி, அதோடு எங்கள் ஊர் ஈரம். லயத்து அறைகளிலிருந்து வரும் மெஷின்களில் இந்தப் பட்டையை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கொழும்பிலிருந்து வருவதில் தூசி உலர்ந்து இருக்கும். அடுப்பு உள்ளேயே இருக்கும் வீட்டில் லெப்டொப் வைத்திருப்பவர்கள் இதை வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

தகடுகளைத் தூரிகையால் துடைத்து, சிப்பின் சூட்டைச் செப்புக்குக் கடத்தும், காய்ந்து தூளாகிப் போயிருந்த தெர்மல் பேஸ்ட்டை வழித்தெடுத்துப் புதிது போட்டேன்.

இங்கே மலைநாட்டுக்கு உரிய ஒரு கணக்கு இருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1270 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கரையோரத்தை விடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதாவது ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் கொண்டுபோகும் சூடு கொஞ்சம் குறையும். ஆனால் நம் இரவுக் காற்று கொழும்பை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்தது. உள்ளே போகும் காற்று பத்து டிகிரி குளிர்ந்தால் சிப்பும் கிட்டத்தட்ட அதே அளவு குளிர்ந்து நிற்கும். கூட்டிக் கழித்தால் மலையில் வாழ்வது மெஷினுக்கு நல்லதே. அந்தக் குளிர்ந்த காற்று உள்ளே போக வழி விட வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தம் செய்தபின் உச்சச் சூடு 89. பிரேம் 48க்கு 26, இருபது நிமிடமும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் வரைபடத்தில் ஒரு ரம்பப் பல் இன்னும் தெரிந்தது. புரொசஸர் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் பாயும், சூடேறும், 1.8க்கு விழும், ஆறும், மறுபடி பாயும். ஒவ்வொரு விழுதலிலும் ஒரு இடறல்.

இந்தச் சிப்பின் 3.4 கிகாஹெர்ட்ஸ் குறுகிய ஓட்டத்துக்கான வேகம். நீண்ட நேரத்துக்கு அது 15 வாட்டுக்குள் ஓட வேண்டும். ஒரே செப்புக் குழாயில் கிராபிக்ஸும் தன் சூட்டைக் கொட்டுகிறது. கணக்குப்பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், காலையில் ஓடி ஓடிக் கொழுந்து பறித்துப் பத்து மணிக்குக் களைத்துப் போகிறவரை விட, ஒரே சீராகப் பறிப்பவரின் கூடைதான் மாலையில் கனமாக இருக்கும்.

வழக்கமாகச் சொல்லும் வழி, பவர் பிளானில் புரொசஸரின் உச்ச நிலையை 99 வீதமாக்குவது. அப்படி வைத்தால் டர்போ, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேலான பாய்ச்சல், முழுக்க நின்றுவிடும். வைத்துப் பார்த்தேன். சூடு 66க்கு இறங்கியது, ஆனால் இந்த மாடலின் அடிப்படை வேகம் வெறும் 1.6 கிகாஹெர்ட்ஸ். நகரத்துக்குள் கார்க் கூட்டம் வந்ததும் கேம் தவழ்ந்தது. அடிப்படை வேகம் 2.5, 2.6 என்று இருக்கும் லெப்டொப்களுக்கு அது நல்ல வழி, இதற்குப் பொருந்தாது. அதனால் அதை 100க்கே திருப்பிவிட்டு, பவர் பிளானில் வழக்கமாக மறைந்திருக்கும் புரொசஸரின் உச்ச அதிர்வெண் என்ற வரியை வெளியே கொண்டுவந்து 2400 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதினேன். பாயவும் இல்லை, விழவும் இல்லை. 76 டிகிரி. சராசரி 48இலிருந்து 45க்கு இறங்கியது, மோசமான ஒரு வீதம் 26இலிருந்து 31க்கு ஏறியது. சராசரியில் மூன்றை இழந்து மற்றதில் ஐந்து பெறுவது எந்த நாளும் லாபம்.

கேமின் செட்டிங்ஸுக்கு வந்தபோதுதான் கடைசிப் பெரிய தவறு தெரிந்தது. பொருள்களின் மேற்பரப்புப் படமான டெக்ஸ்சர் வெரி ஹை, பரிந்துரைத்த அளவைப் பொருட்படுத்தாதே என்ற சுவிட்ச் ஆன். கிராபிக்ஸ் மெனுவின் மேலேயே மெமரிப் பட்டை சிவப்பில் நின்றது. 2 ஜிபிக்கு மேல் போனது எல்லாம் சாதாரண ரேமுக்கு வழிகிறது, அந்த ரேமோ ஒற்றைத் துண்டு. ஒற்றைத் துண்டு டிடிஆர்4 2400 செக்கனுக்கு 19.2 ஜிபிதான் கடத்தும். இரண்டு துண்டு என்றால் அது இரட்டிப்பாகும். வளைவில் கார் திரும்பும்போதெல்லாம் திக்கியது இதனால்.

டெக்ஸ்சரை நோர்மலுக்குக் கொண்டுவந்தேன், பட்டை 2 ஜிபிக்குள் அடங்கியது. விளிம்புகளை மழமழப்பாக்கும் எம்எஸ்ஏஏ நிறுத்தம். புல் நோர்மல், நகரத்தில் இது தெரியாது, சாண்டி ஷோர்ஸ் பக்கம் புல்வெளிக்குள் இறங்கினால் இந்த ஒரு செட்டிங் பத்துப் பிரேமை விழுங்கும். நிழல் நோர்மல். ஜனத்தொகை அடர்த்தியைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினேன், அது புரொசஸரின் சுமை. தூர அளவையும் குறைத்தேன். ஷேடரை மட்டும் ஹையில் விட்டேன், அதைக் குறைத்தால் தரை தட்டையாகத் தெரிகிறது. இந்த அமைப்பில், 1280க்கு 720இல், சராசரி 57.

பையன் முகம் மலர்ந்தது. நான் திருப்திப்படவில்லை. நகரத்தில் 60ஐத் தொடும், புல்லில் 41க்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் கண்ணைச் சோர்வாக்கும். ரிவாட்யூனரில் 40 என்று ஒரு வரம்பு வைத்துக் காட்டினேன். எண் அசையாமல் நின்றது, படம் மட்டும் ஏனோ இழுபட்டது. 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை புதுப்பிக்கும். 40ஐ அதற்குள் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு பிரேம் ஒரு துடிப்புக்கும் அடுத்தது இரண்டு துடிப்புக்கும் நிற்கும். 30 என்றால் ஒவ்வொன்றும் சரியாக இரண்டு துடிப்பு.

"முப்பதா அண்ணே?" குரல் உடைந்துவிட்டது.

"ஓட்டிப் பாரு. பிடிக்கலைன்னா மாத்திருவோம்."

30இல் நிறுத்தியதால் கிராபிக்ஸுக்கு மிச்சம் கிடைத்தது. அந்த மிச்சத்தில் திரையளவை 1600க்கு 900க்கு உயர்த்தினேன், 720இல் இருந்த மங்கல் போய் வீதிப் பெயர்ப் பலகையின் எழுத்துகள் தெளிந்தன. பையன் பாதையைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஓட்டினான். பிரேம் நேரக் கோடு 33 மில்லிசெக்கனில் கயிறு கட்டினது போல நின்றது. சூடு 71. பாதியிலேயே அவன் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டான், ரோட்டைப் பார்த்தான்.

எல்லாக் கேமுக்கும் 30 சொல்ல மாட்டேன். வேலரண்ட் மாதிரி சுடும் கேமில் கை அசைவுக்கும் திரைக்கும் உள்ள இடைவெளிதான் உயிர், அங்கே வரம்பைத் தூக்கிவிட்டுப் படத்தை இன்னும் குறைக்க வேண்டும். ஒன்லைன் கேமில் சிக்னல் குறைவால் வரும் லேக்கை இந்த செட்டிங்ஸ் எதுவும் தொடாது. மூடுபனி இறங்கிய இரவில் பிரேம் நேரக் கோடு நேராக இருந்தும் எதிராளி தாவித் தாவி வந்தால், பார்க்க வேண்டியது ரவுட்டரை.

கம்பளிக்கு அவனே ஒரு வழி செய்தான். வீட்டில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றை லெப்டொப் அளவுக்கு அறுத்து, மேல்பக்கம் நான்கு மூலையிலும் சோடாப் போத்தல் மூடி ஒட்டியிருக்கிறான். மடியில் கம்பளி, அதன்மேல் பலகை, மூடிகளின் மேல் லெப்டொப், நடுவே காற்றுக்கு ஒரு விரல் இடைவெளி. அந்தப் போட்டோவும் வந்தது, 73 டிகிரி என்ற எண்ணோடு.

ஒரு குறை மிச்சம். வேகமாக நெடுஞ்சாலையில் போகும்போது மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை சின்ன இடறல் வருகிறது. அந்த நேரம் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கும். புதிய தெருவையும் கட்டடங்களையும் சுழலும் தட்டிலிருந்து அந்த வேகத்தில் படித்து முடிக்க முடியவில்லை. இதற்குச் செட்டிங்ஸில் மருந்து இல்லை, எஸ்எஸ்டி ஒன்றுதான். அதுவரை பிரௌசரை மூடிவிட்டு விளையாடச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குத் தீபாவளி முற்பணம் வரும்போது அரை டெராபைட் ஒன்று வாங்கித் தருவதாக வீட்டில் பேச்சு. வாங்கினால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பாடக் குறிப்புகளை முதலில் பிரதி எடுத்துவிட்டுத்தான் கழற்றுவேன் என்று அவனுடைய அக்காவுக்கும் போனில் சொல்லி வைத்தேன்.